இடுப்பளவு மண்

எங்கள் வீட்டுப் பின்புறம் இரண்டு காய்கறிப் பாத்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டே முக்கால் அடி உயரம். நீளத்தை இருந்த இடம் முடிவுசெய்தது. அகலத்தை, இரண்டு பக்கமும் நின்று கைநீட்டினால் எட்டுகிற தூரம் முடிவுசெய்தது. உயரத்தை முடிவுசெய்தது என் அம்மாவின் இடுப்பு.

அம்மா எங்களோடு இருக்க வந்தது 2019இல். வரும்போது ஒரு துணிப்பை, ஒரு மாத்திரை டப்பா, வாயை மண் பூசி அடைத்த ஒரு சுரைக்குடுக்கை ஆகியவற்றோடு வந்தாள். குடுக்கைக்குள் சாம்பலில் புரட்டிய அவரை விதை. செய்யாற்றுப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் அவளுக்கு அப்போது ஒரு அவரைக்கொடி படரவிடக்கூட இடம் இல்லை. இருந்தும் அந்த விதையை வருஷாவருஷம் யார் வீட்டு வேலியிலோ போட்டுக் காய்க்கவிட்டு, மறுபடி குடுக்கையில் சேர்த்து வைத்திருந்தாள்.

செங்கல்பட்டில் நாங்கள் வீடு கட்டியிருக்கும் மனை ஒரு காலத்தில் கழனி. மேலே கட்டடக் குப்பையும் கிராவலும் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். அதற்குக் கீழே களிமண். ஐப்பசி கார்த்திகையில் பின்புறம் தண்ணீர் நின்றால் வடிய நான்கு நாளாகும். 2021இல் அம்மா சொன்னாளென்று தரையிலேயே பாத்தி கட்டிக் கத்தரி நாற்று வைத்தோம். அந்த நவம்பர் மழை இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். செடிகள் வேர் அழுகி, இலை தொங்கி, ஒரே வாரத்தில் போய்விட்டன. அம்மா அவற்றைப் பிடுங்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, தரையில் உட்காரக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

"எங்க தேஞ்சிதுன்னு கேட்டாரா அந்த டாக்டரு?" என்றாள் அம்மா.

எங்கே தேய்ந்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு ஏக்கர் இருபது சென்ட் கழனியில். அம்மா பதினெட்டு வயதில் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். நாற்றுப் பிடுங்குவது, நடுவது, களை எடுப்பது, அறுப்பது, நெல் தூற்றுவது எல்லாம் அவளும் அவளோடு கூலிக்கு வந்த பெண்களும் செய்த வேலை. சேடை ஓட்டுகிறவர் மாட்டின் பின்னால் நிமிர்ந்து முன்னோக்கி நடப்பார். நடவு நடுகிறவள் சேற்றில் குனிந்தபடி பின்னோக்கி நகர்வாள். காலையில் குனிந்தால் கஞ்சி குடிக்கத்தான் நிமிர்வாள். நிமிர்ந்து செய்யும் வேலைக்குக் கூலி அதிகம், குனிந்து செய்யும் வேலைக்குக் குறைவு. சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் வந்தது 1976இல். ஆனால் இரண்டும் சம வேலையே இல்லை என்று சொல்லிவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

என் அப்பா நல்ல மனிதர். ஊரில் அவரை விவசாயி என்பார்கள். அம்மாவை அவருடைய சம்சாரம் என்பார்கள்.

நடவுக்கு வந்த பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் சேரியிலிருந்து வந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் அதே சேற்றில் அதே குனிவு. ஆனால் வேலை முடிந்ததும் அம்மா வீட்டுக்குள்ளே போவாள். அவர்கள் தெருவில் நின்று கூலி வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் நிலம் யார் பேரில் என்று பின்னாளில் ஒரு கேள்வி வந்தது. அவர்கள் வீடுகளில் அப்படி ஒரு கேள்வி வருவதற்கே நிலம் இல்லை. இதை மறந்துவிட்டு அம்மாவின் கதையை மட்டும் சொல்வது நியாயமில்லை என்று தோன்றுகிறது.

2022 கோடையில் மேட்டுப்பாத்தி கட்டுவது என்று முடிவுசெய்தோம். தெருமுனைக் கொத்தனாரை வரச் சொன்னேன். வந்தவர் வாசலிலேயே நின்று, "சார் இல்லைங்களா டீச்சர்?" என்றார். சார் மாலையில்தான் வருவார், என்னிடமே சொல்லலாம் என்றேன். சிமெண்ட் ஹாலோ பிளாக் கல் பதினாறு அங்குல நீளம், எட்டங்குல அகலம், எட்டங்குல உயரம். எட்டடிக்கு நாலடி என்றால் ஒரு வரிக்குப் பதினாறு கல். தரையை அரையடி தோண்டி ஜல்லி போட்டு இறுக்கி அதன்மேல் வரி ஏற்ற வேண்டும். உள்ளே அடியில் தளம் போடக் கூடாது. வேரும் மண்புழுவும் கீழே போகட்டும். முதல் வரியில் மூன்றடிக்கு ஒரு இடத்தில் முக்கால் இஞ்ச் குழாய்த் துண்டு வைத்தால் மிஞ்சிய தண்ணீர் வெளியே வந்துவிடும். இதையெல்லாம் நான் ஒரு காகிதத்தில் வரைந்து வைத்திருந்தேன். அவர் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு வரி போதும் டீச்சர். பாத்திக்கு எதுக்கு இம்மாம் ஒசரம்? தொட்டி கட்டற மாதிரி இருக்கும்" என்றார்.

இரண்டு வரி ஏறியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவை அழைத்துவந்து பக்கத்தில் நிற்கவைத்தேன். கை கல்லின் விளிம்பைத் தொட அவள் குனிய வேண்டியிருந்தது. "பரவால்ல பாப்பா, இதுவே போதும். அவரு கை நோவப்போவுது" என்றாள். அம்மாவுக்கு எதுவும் எப்போதும் 'இதுவே போதும்'தான்.

கலவை சுமந்துகொண்டிருந்த சித்தாள் பெண் பாண்டை இறக்கிவைத்தாள். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். ஒன்றும் சொல்லாமல் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, அம்மாவின் முழங்கை எங்கே வருகிறது என்று தன் கையால் அளந்தாள். பிறகு கொத்தனாரைப் பார்த்து, "இன்னும் ரெண்டு வரி ஏத்துண்ணா. ஆயா நின்னுக்கினே பறிக்கட்டும்" என்றாள். அவர் ஏற்றினார்.

மாலையில் கூலி கொடுக்கும்போது கொத்தனார் கூலிக்கும் சித்தாள் கூலிக்கும் இருந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது. பதினெட்டு வருஷமாகக் கலவை சுமக்கிறாளாம். சுவர் எப்படி எழுகிறது என்பது அவளுக்கு அவரைவிடக் குறைவாகத் தெரியாது. அவள் கையில் ஒருமுறைகூடக் கரணையோ ரசமட்டமோ கொடுக்கப்பட்டதில்லை. "கேட்டுப் பாத்தியா?" என்றேன். "கேட்டா சிரிப்பாங்கக்கா" என்றாள். எங்கள் பாத்தியின் சரியான உயரத்தைக் கண்டுபிடித்தவள் அவள். அந்தக் கணக்குக்குத் தனியாகக் கூலி இல்லை. நான் அன்று கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். அது தீர்வு இல்லை என்பதும் தெரியும்.

பாத்தியை நிரப்புவதுதான் பெரிய வேலை. ஒரு பாத்தியின் உள்ளே நாற்பத்தைந்து கன அடி. இரண்டுக்கும் முழுக்க மண் போட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி வேண்டும். அதனால் அடியில் ஒரு அடி உயரத்துக்குத் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே காய்ந்த முருங்கைக் கிளைகள், வாழைத்தண்டு, சருகு போட்டோம். மட்டை ஈரத்தைப் பிடித்துவைக்கும். மற்றவை மெல்ல மட்கி உரமாகும். அதற்கு மேல் செம்மண், மட்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்து கொட்டினோம். நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் போட வேண்டும். இல்லையென்றால் அதிலிருக்கும் உப்பு நாற்றைக் கருக்கிவிடும். பாத்திக்கு ஐந்து கிலோ வேப்பம் புண்ணாக்கு. அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கட்டியை உடைத்துக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் மகனும் மண் சுமந்தார்கள். தெரு ஆட்கள் அவர்கள் சுமந்ததைப் பாராட்டினார்கள்.

ஆடியில் விதைத்தோம். என்ன விதைப்பது, எங்கே விதைப்பது என்பதில் யாரும் வாய் திறக்க அம்மா விடவில்லை. கழனியில் எந்த நெல் போடுவது என்று அவளை யாரும் கேட்டதில்லை. கொல்லைதான் அவள் ராஜ்ஜியமாக இருந்தது. வடக்கு ஓரத்தில் அவரை, பந்தலில் ஏறினாலும் மற்றதற்கு நிழல் விழாது. நடுவில் கத்தரியும் மிளகாயும், முப்பது நாள் நாற்றாக எடுத்து நட்டது. ஓரங்களில் வெண்டை. இடைவெளியெல்லாம் சிறுகீரை. இருபத்தைந்தாம் நாள் அம்மா நின்றபடியே முதல் பிடி கீரையைப் பிடுங்கினாள். வேரை உதறி மண்ணைப் பாத்திக்குள்ளேயே விட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நின்னுக்கினே கீரை புடுங்கறேன் பாரு, வெள்ளக்காரன் மாதிரி" என்று சிரித்தாள்.

தப்பும் நடந்தது. அடியில் போட்ட சருகும் தண்டும் மட்க மட்க மேல்மண் இறங்கும் என்று நான் படித்திருந்தேன். எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடவில்லை. மழை முடிந்தபோது முக்கால் அடி இறங்கிவிட்டது. செடிகளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அம்மா கல் விளிம்பில் வயிற்றை அழுத்தி உள்ளே கவிழ்ந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் குனிய வெச்சிட்டியேடி" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது அப்படி விழவில்லை.

ஏனென்றால் ஒரு முறை நாங்கள் இருவரும் சேர்ந்து குனிந்திருக்கிறோம்.

அப்பா 2003இல் இறந்தார். அடுத்த ஆண்டு அண்ணன் ஒரு பத்திரத்தோடு வந்தார். நானும் அம்மாவும் எங்கள் பாகத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். நான் அப்போது அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் பங்கில் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம உரிமை உண்டு என்பது எனக்குத் தெரியும். 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம், அந்தத் தேதிக்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்திலும் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்துவிட்டது என்பதும் தெரியும். எனக்குத் திருமணம் நடந்தது 1998இல். அந்தத் திருத்தத்துக்கும் அறுபது ஆண்டுகளுக்கு முன்னால், 1929 பிப்ரவரியில், நான் இன்று குடியிருக்கும் இதே செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்திய கை என் கை. அதே கைதான் கையெழுத்துப் போட்டது.

தெரியாமல் ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது. யாரும் மிரட்டவில்லை. அம்மா சொன்னாள்: "போட்டுக் குடுத்துடு பாப்பா. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா வந்து நிக்க அண்ணன் வேணும். காது குத்துக்குத் தாய்மாமன் வேணும்." நிலத்தை விட்டால் உறவு இருக்கும், நிலத்தைக் கேட்டால் உறவு போய்விடும் என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கில் அண்ணனுக்கு மட்டும் இரண்டும் கிடைக்கிறது என்று அன்று எனக்கு ஏன் சொல்லத் தோன்றவில்லை? சார்பதிவாளர் அலுவலகத்தில் மேசை தாழ்வாக இருந்தது. அம்மா குனிந்து கைநாட்டு வைத்தாள். நான் குனிந்து கையெழுத்துப் போட்டேன். மை துடைக்க அண்ணன் தன் கைக்குட்டையை அம்மாவிடம் கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார்.

2015இல் அண்ணன் கழனியை மனைப் பிரிவு போடுகிறவர்களுக்கு விற்றார். அவருக்குக் கடன் இருந்தது. அம்மாவிடம் கேட்க வேண்டிய அவசியம் சட்டப்படி இல்லை. கல் நட்ட அன்று அம்மா வரப்பு இருந்த இடத்தில் போய் நின்றுவிட்டு வந்தாளாம். அதற்குப் பின் அந்த வீட்டில் அவள் சாப்பாடு எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் பட ஆரம்பித்தது.

இதையெல்லாம் பாத்தி ஓரத்தில் நின்றுதான் நாங்கள் பேசினோம். முன்பெல்லாம் அம்மா குனிந்திருப்பாள், நான் நின்றுகொண்டிருப்பேன். அவள் முதுகோடுதான் பேசியிருக்கிறேன். இப்போது பாத்தியின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நடுவில் கத்தரிச் செடி. இருவர் முகமும் ஒரே மட்டத்தில். "அன்னைக்கு நான் சொல்லாம இருந்திருக்கணும்" என்றாள் ஒருநாள், வெண்டையில் மாவுப்பூச்சி பிடித்த இலையைக் கிள்ளிக்கொண்டே. "நானும் போடாம இருந்திருக்கணும்மா" என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்பக்கம் தெளித்தோம்.

ஆறு மாதத்துக்கு முன் முட்டிவலிக்காக மருத்துவமனைக்குப் போயிருந்தோம். பதிவுச் சீட்டு எழுதும் பெண், "பாட்டி என்ன வேலை?" என்று கேட்டாள். "வீட்லதான்" என்று நான் பதில் சொன்னேன். பழக்கம். அம்மா என்னைத் தாண்டிக் கவுண்டரில் தலையை நீட்டி, "விவசாயம்னு எழுதும்மா" என்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எவ்ளோ நெலம் பாட்டி?" என்றாள் சிரித்துக்கொண்டே. "நெலம் இல்ல. விவசாயம் இருக்குது" என்றாள் அம்மா.

அன்று வீட்டுக்கு வரும் வழியில், ஷேர் ஆட்டோவில், அம்மா என்னைக் கேட்டாள்: "இந்த வூடு உன் பேர்ல தானே கீது?"

இல்லை. 2008இல் மனை வாங்கினோம். பணத்தில் பாதி என் சேமநிதியிலிருந்து எடுத்த கடன். வீட்டுக் கடனின் தவணை இன்றுவரை என் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள். பத்திரம் கணவர் பேரில் மட்டும். பதிவு நாளன்று பள்ளியில் தேர்வு. எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. 'ஒருத்தர் பேர்ல இருந்தா என்ன, ரெண்டு பேர் பேர்ல இருந்தா என்ன' என்று அவர் சொன்னார். நானும் அதையே நினைத்தேன். அந்த 'என்ன' எப்போதும் ஏன் ஒரே பக்கமாகச் சாய்கிறது என்று அப்போது கேட்கவில்லை.

இப்போது கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இப்ப எதுக்கு திடீர்னு? நான் உன்னை விட்டுட்டா போயிடப்போறேன்?" என்றார். போக மாட்டார் என்றுதான் நானும் நம்புகிறேன். அண்ணனையும் அப்படித்தான் நம்பினோம். நம்பிக்கைக்கும் பத்திரத்துக்கும் பகை இல்லை, இரண்டும் இருக்கட்டுமே என்றேன். "சரி, பாதியை உன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிடலாம்" என்றார். அந்த 'சரி'க்கு இப்போது ஐந்து மாதமாகிறது. முதலில் மகனின் கல்லூரிக் கட்டணம், பிறகு அவர் தங்கை வீட்டு விசேஷம், பிறகு தை பிறக்கட்டும் என்றது.

அம்மா ஒவ்வொரு வாரமும் கத்தரிக்காய் பறிக்கும்போது கேட்பாள்: "பேரு மாத்தியாச்சா?"

"அடுத்த வாரம்மா."

"நானும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தேன்" என்றாள் போன ஞாயிறு. பிறகு வழக்கம்போலப் பாத்தியின் விளிம்பிலிருந்து மண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஜாண் போட்டுப் பார்த்தாள். முக்கால் ஜாண். வருஷத்துக்கு இரண்டு முறை, ஆடிக்கு முன்னும் தைக்குப் பின்னும், தொழுவுரமும் செம்மண்ணும் போட்டு மேலே நிரப்பிவிட வேண்டும் என்பதை இந்த மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டோம். விட்டால் மண் தானாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஒருமுறை உயர்த்திக் கட்டிவிட்டோம், அது அப்படியே நிற்கும் என்று இருந்துவிட முடியாது.

பத்து மூட்டை தொழுவுரத்துக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சித்தாள் பெண்ணே ஆள் கூட்டிவந்து கொட்டித் தருகிறேன் என்றிருக்கிறாள். இந்த முறை கூலியை அவள் பேசினாள். குடுக்கையிலிருந்து ஒரு கை அவரை விதையை அவளுக்கென்று அம்மா தனியாக எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள். பதிவுக்கு டோக்கன் போட்டாயிற்று, திங்கள்கிழமை பதினொரு மணிக்கு. அன்று பள்ளியில் திருப்புதல் தேர்வு. நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.